கண் வைத்த பழங்கள்

ராஞ்சி அருகிலிருந்து
12-10-2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் நாத்தனார் சகாயராணி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே சுகம். நீங்களும் பிராங்கிளின் அண்ணனும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட நான் இல்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.

கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் போனும் கையுமாகத் திரிந்தவள் நான். இப்போது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். கன்னியர் பயிற்சி முடிகிறவரை எங்களுக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். நீங்கள் எழுதுவதையும் முதலில் மதர்தான் வாங்கிக்கொள்வார். தமிழ் தெரிந்த லூர்து சிஸ்டர் பிரித்துப் படித்துப் பார்த்த பிறகுதான் என் கைக்கு வரும். அதனால் வீட்டு வம்பையெல்லாம் எழுதிவிடாதீர்கள். தவக்காலம் வந்தால் அந்தக் கடிதமும் கிடையாதாம்.

எனக்கு இங்கே பாலவாடி வேலை கொடுத்திருக்கிறார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். காலையில் கொண்டுவந்து விட்டால் இருட்டும்போதுதான் கூட்டிப்போவார்கள். போன வாரம் என் உயிரே போய்விட்டது, மதினி. இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குட்டி, பிளாஸ்டிக் காரின் சக்கரத்தைக் கடித்துப் பிய்த்து விழுங்கப் பார்த்திருக்கிறது. தொண்டையில் அடைத்து முகமெல்லாம் நீலம். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன், வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கே மதர் எல்லாப் பிளாஸ்டிக் பொம்மைகளையும் அள்ளி அப்புறப்படுத்திவிட்டார். இன்னொரு தரம் இப்படி ஏதாவது நடந்தால் பாலவாடியையே மூடிவிடுவார்களாம். மூடினால் இந்தப் பிள்ளைகள் சூளைச் சூட்டில்தான் கிடக்கவேண்டும்.

உங்களுக்குத்தான் குரோஷா பின்னல் கைவந்த கலையாயிற்றே. பிளாஸ்டிக் ஒரு துளியும் இல்லாமல் பழங்கள் பின்னி அனுப்புவீர்களா? இங்கே பாதிப் பிள்ளைகள் மாம்பழத்தைத் தவிர வேறு பழம் பார்த்ததில்லை. பின்னலில் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஜெபமாலையில் உங்கள் எல்லோரையும் நினைக்கிறேன்.

அன்புடன்,
சகாயராணி

ஆத்தூர்
3-11-2024

அன்பு ராணிக்கு,

மதினி ஜோஸ்பின் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு வலி முழங்காலோடு நின்றுவிட்டது, வாய் வரைக்கும் ஏறவில்லை. (லூர்து சிஸ்டர் அவர்களே, இது வம்பு இல்லை, உண்மை.) நீ மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி போதுமா?

உன் கடிதம் வந்த அன்றே குரோஷா ஊசியை எடுத்துவிட்டேன். உன் அண்ணன் மில்லில் கோன் மாற்றும்போது அடியில் மிஞ்சுகிற பருத்தி நூலைக் கேட்டு வாங்கி வந்தார். குப்பைக்குப் போக வேண்டிய நூல்தான், ஆனால் தங்கமான நூல். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து மாம்பழத்துக்கு மஞ்சளும் ஆவாரம்பூவும், சப்போட்டாவுக்குக் கருவேலம்பட்டை, மாதுளைக்கு மஞ்சிட்டி. நம் வீட்டு அடுப்பு இப்போது சமையலுக்கு இல்லை, சாயத்துக்குத்தான். உன் அண்ணன் வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "மாம்பழம் பின்னுறதுக்குப் பதிலா ரெண்டு மாம்பழத்தை வாங்கிக் கொடுத்திருக்கலாம்ல" என்கிறார்.

உள்ளே அடைக்க இலவம் பஞ்சு. மரத்தில் வெடித்துப் பறக்கிற பஞ்சை அப்படியே பிடித்து அடைக்கிறேன். கொய்யா, திராட்சைக் கொத்து, சிறுமலை வாழைப்பழம் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டன. சீத்தாப்பழம் மட்டும் என்னை அழவைத்துவிட்டது. முடித்துப் பார்த்தால் ஆமைக்குட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கடையில் வாங்கிய சாமான் இதில் எதுவுமே இல்லை. உன் பிள்ளைகள் கடித்துத் தின்றால்கூட ஒன்றும் ஆகாது.

ஒரே ஒரு குறை. கண் இல்லாமல் பழம் வெறும் பழமாக முழிக்கிறது. இரண்டு கண் வைத்தால்தான் பிள்ளைகள் அதனோடு பேசும். திண்டுக்கல்லில் நான்கு கடை ஏறி இறங்கினேன், எல்லாம் பிளாஸ்டிக் கண். கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், கொய்யாவுக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது. என்ன செய்யலாம் என்று நீயே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மதினி ஜோஸ்பின்

ராஞ்சி அருகிலிருந்து
24-11-2024

அன்புள்ள மதினிக்கு,

சகாயராணி எழுதுவது. நான் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லூர்து சிஸ்டரே சிரித்துவிட்டார். ஆனால் ஒன்று, உறையின் மேல் எதற்குப் பெரிதாக 'அவசரம்' என்று எழுதுகிறீர்கள்? மதர் பதறிப்போய் என்னைச் சிற்றாலயத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். யாருக்கோ என்னவோ என்று ஓடினேன். உள்ளே பார்த்தால் ஆமைக்குட்டி சீத்தாப்பழம்!

கண்ணுக்கு எதற்கு இவ்வளவு யோசனை? குண்டுமணி வையுங்கள். நம் கோயிலுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்குமே. மழையோ வெயிலோ அது நிறம் மாறாது. பிள்ளைகள் வாயில் வைத்தாலும் பயமில்லை. நானும் அண்ணனும் சின்ன வயதில் ஆளுக்கு ஒன்றை மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். எத்தனை விழுங்கியிருக்கிறோம் என்று கணக்கே கிடையாது. சந்தேகமாக இருந்தால் அண்ணனைக் கேளுங்கள்.

சக்கரத்தை விழுங்கப் பார்த்தாளே, அந்தக் குட்டி இப்போது என்னைவிட்டு நகர்வதில்லை. கடைவாய்ப் பல்லும் வந்துவிட்டது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. போன ஞாயிறு என் ஜெபமாலைச் சிலுவையைக்கூடச் சப்பிவிட்டாள். மாம்பழத்தை அவளுக்கென்று எடுத்துவைக்கப் போகிறேன். சீக்கிரம் அனுப்புங்கள், மதினி. அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
சகாயராணி

ஆத்தூர்
12-1-2025

அன்பு ராணிக்கு,

ஜோஸ்பின் எழுதிக்கொண்டது. கிறிஸ்துமஸ், புது வருஷம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அத்தை நடுச்சாமப் பூசைக்கு நடந்தே வந்தார். நீ இல்லாத குறைதான், வேறு ஒரு குறையும் இல்லை. உனக்கு உடம்புக்கு எப்படி?

உறையில் 'அவசரம்' என்று எழுதாவிட்டால் நம் ஊர்த் தபால்காரர் அதை வாரக்கணக்கில் சைக்கிள் பையிலேயே வைத்திருப்பார். அதனால் எழுதத்தான் செய்வேன். உன் மதர் பழகிக்கொள்ளட்டும்.

பார்சல் நேற்றுப் போய்விட்டது. குண்டுமணிக்காகக் கோயில் பின்னால் போனேன். அங்கே ஏது? புதிதாக மாதா கெபி கட்டுவதற்காக மரம் மட்டையெல்லாம் வெட்டித் தளம் போட்டுவிட்டார்கள். விடுவேனா? வாய்க்கால் கரை வேலியில் கொத்துக் கொத்தாக வெடித்து நின்றது. பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. மடி நிறையப் பறித்து வந்தேன். சும்மா ஒட்டினால் பிய்ந்துவிடும் என்று ஊசியைத் தணலில் காய்ச்சி ஒவ்வொன்றிலும் துளை போட்டு, நூலைக் கோத்து இறுக்கித் தைத்தேன். அந்தத் துளை போடுவதற்குள் விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டேன்.

வத்தலக்குண்டில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குண்டுமணியைத் தொட்டாலே எங்கள் அம்மா, "ஏய், அதைக் கீழே போடு, போய்க் கையைக் கழுவு" என்று விரட்டும். எதற்கென்று கேட்டால் சொல்லாது. துளை போடும்போது அது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். உன் அண்ணனைக் கேட்டேன். "குண்டுமணியா? அது பாட்டுக்கு வாயில கெடக்கும். எனக்கு என்ன ஆச்சு, பார்க்க எப்படி இருக்கேன்?" என்றார். பார்க்க எப்படி இருக்கிறார் என்பது வேறு விஷயம், ஆனால் உயிரோடுதானே இருக்கிறார். எங்கள் அம்மாவுக்குப் பூனை குறுக்கே போனாலும் பயம், அந்த மாதிரிதான் இதுவும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, எல்லாப் பழத்துக்கும் கண் வைத்துவிட்டேன். இப்படி எழுதவே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், பிள்ளைகளின் பொருளுக்குக் கண் வைத்தேன் என்று யாராவது சொல்வார்களா? மாம்பழத்தைப் பையில் வைக்கும்போது அது என்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. உன் குட்டிக்குப் பிடிக்கும்.

பார்சல் வந்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மதினி ஜோஸ்பின்

ராஞ்சி அருகிலிருந்து
14-2-2025

அன்புள்ள மதினிக்கு,

சகாயராணி எழுதுவது. நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது.

பார்சலைப் பிரித்த நாள் பாலவாடியில் திருவிழா. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பழம் என்று ஒரு மணி நேரம் சண்டை. அவர்கள் பேசுகிற பாஷை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, பெயர்களும் வாயில் நுழையவில்லை. அதனால் இப்போது பழத்தை வைத்தே கூப்பிடுகிறேன். கொய்யாக்காரன், மாதுளைக்காரி, திராட்சைக்காரன். ஆமைக்குட்டிக்குத்தான் கிராக்கி அதிகம். மாம்பழக்காரி மட்டும் யாரோடும் சண்டை போடவில்லை. எடுத்தாள், மார்போடு அணைத்தாள், வாயில் வைத்தாள். சாப்பிடுகிற நேரம் தவிர அதை வாயிலிருந்து எடுப்பதில்லை. மத்தியானம் தூங்கும்போதும் சப்பிக்கொண்டேதான் தூங்குகிறாள். எழுந்ததும் பார்த்தால் கண்ணுக்குப் பக்கத்து நூலெல்லாம் நைந்து ஈரமாக இருக்கிறது.

உங்கள் பொறுமைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், மதினி. அந்தச் சின்னச் சிவப்புக் குண்டுமணியில் கறுப்பாகக் கருவிழி வரைந்திருக்கிறீர்களே, ஒன்றுகூடப் பிசகவில்லை! எந்த மையால் வரைந்தீர்கள்? இவள் எவ்வளவு சப்பினாலும் அழியவில்லை. மதரிடம் காட்டினேன், உயிருள்ள கண் மாதிரி இருக்கிறது என்றார்.

மார்ச் ஐந்து திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு உயிர்ப்புப் பெருவிழா வரை எனக்குக் கடிதம் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதுங்கள், மொத்தமாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொள்கிறேன். மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாக்குக் கொடுக்கிற சடங்கு. நீங்களும் அண்ணனும் கட்டாயம் வரவேண்டும், மாம்பழக்காரியை உங்கள் மடியில் போடுகிறேன்.

அன்புடன்,
சகாயராணி

ஆத்தூர்
28-2-2025

ராணி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்த உடனே எழுந்துபோய் எல்லாப் பழங்களிலும் கண்ணை வெட்டி எடுத்துவிடு. ஒன்றுவிடாமல் எடுத்து, தீயில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அதன் பிறகு மீதியைப் படி.

நான் கருவிழி வரையவில்லை, ராணி. அது அப்படியேதான் காய்க்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. 'வரைந்திருக்கிறீர்களே' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. உன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். "ஏங்க, நீங்க சின்னதுல சப்புன குண்டுமணி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"செகப்பா, தட்டையா இருக்கும்."

"கறுப்புப் பொட்டு?"

"பொட்டா? அதுல ஏது பொட்டு? முழுச் செகப்பு. கோயிலுக்குப் பின்னால பெரிய மரம் நின்னுச்சுல்ல, அதோட வெதை. அதைத்தான் வெட்டிட்டாய்ங்களே. ஏன் கேக்குற?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டேன். வேலியில் நான் பறித்தது கொடி, ராணி. மரம் இல்லை.

மறுநாளே திண்டுக்கல் போனேன். நாட்டு மருந்துக் கடை அப்துல் வாஹித் பாயிடம் பறித்ததில் மிஞ்சியதைக் காட்டினேன். அவர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்றில் முழுச் சிவப்பு. "இது ஆனைக்குண்டுமணி, மஞ்சாடின்னும் சொல்வாங்க. புள்ளைங்க வெளையாடுறது இதுதான்" என்றார். மற்றதைத் தொடாமல் டப்பாவோடு காட்டினார். "நீங்க கொண்டாந்தது இது. வெசம். சுத்தி செய்யாம நாங்களே தொடமாட்டோம். எதுக்குத்தா கேக்குறீங்க?"

பொம்மைக்குக் கண் வைத்தேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "முழுசா முழுங்குனாக்கூட மேல் ஓடு கெட்டி, அப்படியே வெளிய வந்துரும்னு சொல்வாங்க. ஓடு ஒடையாம இருக்கணும். ஓட்டை கீட்டை போட்டீங்களா?"

கொண்டுபோனதை அள்ளித் திரும்ப முந்தானையில் முடிந்தேன். "அல்லா காப்பாத்தணும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கடை வாசலிலிருந்தே மடத்து நம்பருக்குப் போன் போட்டேன். இந்தி பேசுகிற சிஸ்டர் யாரோ எடுத்தார். எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. "டாய்ஸ் பாய்சன், பாய்சன்" என்று கத்தினேன். அவர், "பார்சல்? யெஸ், யெஸ், பார்சல் ரிசீவ்டு. தேங்க்யூ, காட் பிளஸ் யூ" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அதன் பிறகு லைனே கிடைக்கவில்லை.

அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் இதை அனுப்புகிறேன். புதன்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் மாதாவே. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து மாம்பழத்தை முதலில் பிடுங்கு. அழட்டும். அழுதால் அழட்டும்.

ஜோஸ்பின்

ஆத்தூர்
11-3-2025

அன்பு ராணிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன். இங்கே சுகம். அத்தை தவக்காலம் என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறார்.

நேற்றுத் திரும்பவும் போன் கிடைத்தது. இந்த முறை லூர்து சிஸ்டரே எடுத்தார். தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பிள்ளைங்க எப்படி இருக்காங்க சிஸ்டர்?" என்றேன். "எல்லாம் சுகமா இருக்காங்கம்மா. உங்க பழம் இல்லாம ஒரு புள்ள தூங்குறதில்ல" என்றார்.

"என் கடிதம் வந்துச்சா?"

"வியாழக்கிழமையே வந்துடுச்சு. மதர்கிட்ட இருக்கு."

மதரிடம் இருக்கிறது என்றால் பிரித்துப் படித்தாயிற்று என்றுதானே அர்த்தம்? எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய். படித்திருந்தால் கண்ணை எடுக்காமலா விடுவார்கள்? எடுத்துவிட்டார்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் லூர்து சிஸ்டர், ஆயர் வந்திருந்தபோது பழங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, இது யார் செய்தது என்று என் பெயரைக் கேட்டுக்கொண்டார் என்று சொன்னார். "உங்களுக்காகப் பூசை வச்சிருக்கோம்மா" என்றார். நான் வைத்தது விஷம் என்று அந்தக் குரலிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ராணி. எல்லாம் சுகம் என்றாரே, அது போதும் என்று வைத்துவிட்டேன்.

உன் அண்ணனிடமும் இன்னும் சொல்லவில்லை. தங்கச்சி சொன்னதைத்தானே செய்தாய் என்று அவர் உன்னைக் குறை சொல்வார். நீ சொன்னது சரியான குண்டுமணி. நான் வைத்ததுதான் வேறு.

இரவில் படுத்தால் மாம்பழம் என்னைப் பார்க்கிறது. ஒரு வரி போதும். 'எடுத்துவிட்டோம்' என்று லூர்து சிஸ்டரையாவது எழுதச் சொல்.

மதினி ஜோஸ்பின்

ஆத்தூர்
3-4-2025

அன்பு ராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில் வராத கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறேன். ஏதாவது ஆகியிருந்தால் உன் அண்ணனுக்குப் போன் வந்திருக்கும், வரவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் காலையிலும் மாலையிலும் ஜெபம் மாதிரி சொல்லிக்கொள்கிறேன். சாமியாரிடம் சொல்லி மடத்துக்குப் பேசச் சொல்லலாம் என்று கோயில் வாசல் வரைக்கும் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "ஜோஸ்பின், நம்ம பாலர் பள்ளிக்கும் பழம் பின்னித் தாம்மா" என்றார். சரி சாமி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். போன் செய்ய எனக்கு நம்பர் இல்லாமல் இல்லை, நேரம் இல்லாமல் இல்லை. எடுப்பவர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. போன் செய்யாத வரைக்கும் அந்தப் பிள்ளை சுகமாக இருக்கிறது.

போன வாரம் வாய்க்கால் கரைக் கொடியை வேரோடு வெட்டிச் சாய்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "எதுக்கு மதினி அதப் போய் வெட்டுறீக, அது பாட்டுக்கு அழகாத்தான நிக்குது" என்றார். வெட்ட வெட்ட நெற்று வெடித்து மண்ணெல்லாம் சிதறிவிட்டது. பொறுக்கிக்கொண்டே இருக்கிறேன். பொறுக்கிய இடத்தில் மறுநாள் போனால் இன்னும் கிடக்கிறது.

என்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. ஆனால் எழுது.

மதினி ஜோஸ்பின்

ராஞ்சி அருகிலிருந்து
20-4-2025
உயிர்ப்பு ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா! சகாயராணி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் அம்மாவும் நலமா? காலைத் திருப்பலி முடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். சேர்த்து வைத்த கடிதங்களை இனிமேல்தான் தருவார்கள். தவக்காலம் முழுவதும் வருகிற உறைகளைப் பிரிக்காமலே மதர் தன் அலமாரியில் பூட்டிவைத்துவிடுவார். நாங்கள் கேட்கக் கூடாது, அவரும் பார்க்க மாட்டார். அதுவும் ஒரு ஒறுத்தல்தான். அதற்குள் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

மாம்பழக்காரி இப்போது இல்லை, மதினி.

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கில் இரத்தம். சூளைத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வெயில் காலத்தில் வருவதுதான் என்று ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நான்தான் மடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து மதர், உனக்கு இந்தத் துறவற அழைத்தல் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றுதான் சொன்னேன்.

சவப்பெட்டிக்குள் மாம்பழத்தை அவள் கையில் கொடுக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், ஒரு கண்ணைக் காணோம். நூல் நைந்து அறுந்திருந்தது. பாய், தலையணை, தொட்டில் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன், எங்கேயும் கிடைக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு அனுப்ப மனம் வரவில்லை. கொய்யாவிலிருந்து ஒன்றைப் பிரித்து, மாம்பழத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நீங்கள் செய்ததைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அவள் அம்மாவுக்கு இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது, தவழ ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு மாம்பழம் வேண்டும் என்று என்னிடம் சைகையில் கேட்டாள். செய்து அனுப்புவீர்களா? கண் அதே மாதிரி வையுங்கள், அதைத்தான் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மற்றப் பிள்ளைகள் புனித வாரத்துக்குப் பாலவாடி மூடும்போது தங்கள் பழங்களை வீட்டுக்குக் கொண்டுபோக அடம்பிடித்தார்கள். தம்பி தங்கச்சிகளிடம் காட்டவேண்டுமாம். அவளை நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கொடுத்தனுப்பிவிட்டேன். சூளையில் இந்நேரம் எத்தனை வாய் அதைச் சப்பிக்கொண்டிருக்கிறதோ!

மணி அடித்துவிட்டது. மதர் அலமாரியைத் திறந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வருகிறார். எனக்கு மூன்று உறை! மூன்றும் உங்கள் கையெழுத்து, மூன்றிலும் பெரிதாக 'அவசரம்'. லூர்து சிஸ்டர் எடுத்துக் காட்டி, "உன் மதினிக்கு எப்பப் பார்த்தாலும் அவசரம்தான். பெருநாளும் அதுவுமா நீயே பிரிச்சுப் படிச்சுக்கோ" என்று சிரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் எத்தனை நாளைக்குப் பிறகோ சிரிக்கிறேன்.

இதை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களை ஆசை தீரப் படிக்கப் போகிறேன். முதலில் பழையது, கடைசியில் புதியது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

உங்கள் அன்பு நாத்தனார்,
சகாயராணி